தாரை வார்க்க ஒரு விசா

1996ஆம் ஆண்டு ஓகஸ்ட் முதலாம் திகதி, வியாழக்கிழமை, காலை ஆறு மணி இருபது நிமிடம். ரொறன்ரோ நகரின் நடுப்பகுதியில் ஓர் உயர்ந்த கட்டடத்தின் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நானும் மனைவியும் நின்றோம். முதலில் கண்ணில் பட்டது கதவின் உட்புறத்தில் ஒட்டியிருந்த வெள்ளைத் தாள். அதன் மேல்மூலையில் சிவப்பு நிறத்தில் ஒரு சின்னக் கொடி, கொடியின் நடுவில் வெள்ளைச் சிலுவை. கீழே இரண்டு வரிகள். இன்று சுவிட்சர்லாந்தின் தேசிய தினம். விசாப் பிரிவு திறக்கப்படமாட்டாது.

கனடாவில் அது சாதாரண வேலை நாள். தெருவில் பஸ்கள் ஓடின. பக்கத்துக் கட்டடத்தில் யன்னல் துடைக்கிறவர்கள் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். மனைவி ஸ்காபரோவில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்தாள். அன்றைக்கு லீவு எடுத்திருந்தாள். நான் அச்சகத்தில் என் வேலை நேரத்தை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். மல்வேர்னில் இருந்து முதல் பஸ், பிறகு சப்வே. வரிசையில் பின்னால் நிற்கக்கூடாது என்பதற்காக இத்தனை அவசரம்.

"எப்படியும் வரிசையில நாங்கள்தான் முதல்," என்றேன், சமாளிக்க வேறு வழி தெரியாமல்.

"ஓம். இப்பிடியே நிண்டா நாளையான் வரிசையிலயும் நாங்கள்தான் முதல்," என்றாள்.

விஷயம் இதுதான். என் ஒரே தங்கைக்குக் கலியாணம். அவள் ஜேர்மனியின் தெற்கில், எங்கள் சித்தப்பா வீட்டில் இருந்தாள். மாப்பிள்ளை பக்கத்து நாடான சுவிஸில். அவருக்கு அங்கே கிடைத்திருந்த அனுமதி நாட்டுக்குள் இருக்க விடும், வெளியே போக விடாது. ஆகவே கலியாணத்தை அவர் இருக்கும் இடத்தில்தான் வைக்கவேண்டும் என்று முடிவாகியது. எல்லையைத் தாண்டி அரைமணி நேரம் ஓடினால் வரும் ஒரு மண்டபம். ஆடி கழிந்து ஆவணி பிறந்ததும் வருகிற முதல் முகூர்த்தம். ஐரோப்பாவில் பிள்ளைகளுக்குக் கலியாணம் பேசி வைத்திருந்த தமிழர்கள் எல்லாருக்கும் அதே நாளில்தான் கண். மண்டபம் கிடைத்ததே பெரிய காரியம் என்றார்கள். நாளை மாற்றும் பேச்சுக்கு இடமே இல்லை.

அம்மாவும் அப்பாவும் அப்போது யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்து வன்னியில் இருந்தார்கள். கொழும்புக்கு வருவதற்கே அனுமதி எடுக்கவேண்டிய காலம். தாய் தகப்பன் வரமுடியாத இடத்தில் மூத்த அண்ணனும் அண்ணியும் நின்று பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்கவேண்டும். பெண்ணின் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் கையில் வைப்பது அண்ணன். அந்தக் கைகளின் மேல் செம்பிலிருந்து தண்ணீர் வார்ப்பது அண்ணி. ஒருவர் தனியாக நின்று செய்கிற காரியம் அல்ல இது. தம்பதியாக நிற்கவேண்டும்.

இந்தத் தம்பதியில்தான் சிக்கல்.

மனைவி சிறுவயதிலேயே கனடாவுக்கு வந்தவள். கனடியப் பிரசை. நான் அகதியாக வந்து ஏற்றுக்கொள்ளப்பட்டவன். பிரசாவுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தேன். அவளுடைய பாஸ்போர்ட்டும் நீலம். அகதிகளுக்குக் கனடா கொடுக்கும் என் பயணப் புத்தகமும் நீலம். வித்தியாசம் என்னுடைய அட்டையின் மூலையில் இருந்த இரண்டு சரிந்த கறுப்புக் கோடுகள். அவள் எங்கும் போய்வரலாம். நான் எந்த நாட்டுக்குப் போவதென்றாலும் விசா எடுக்கவேண்டும்.

இதை ஒருவருக்கும் விளங்கவைக்க முடியவில்லை. ஐரோப்பாவில் இருந்த சொந்தக்காரர் எல்லாருக்கும் நான் 'கனடா'. கலியாணத்துக்கு வருவதில் சிரமப்படாத ஒரே ஆள் நான்தான் என்று முடிவுகட்டித்தான் எல்லாவற்றையும் ஒழுங்கு செய்திருந்தார்கள். சித்தப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் வருவார்.

"தம்பி, நீ கனடா. உனக்கென்னத்துக்கு விசா?"

"நான் இன்னும் கனடா இல்லைச் சித்தப்பா. சிட்டிசன்ஷிப்புக்குப் போட்டிருக்கிறன். வரேல்லை."

"புத்தகம் ஆர் தந்தது?"

"கனடா."

"பிறகென்ன?"

சித்தப்பாவும் தங்கையைப் போல அகதிதான். அவரிடம் இருந்ததும் மூலையில் கோடு போட்ட நீலப் புத்தகம்தான், ஜேர்மனி கொடுத்தது. ஆனால் அவர் அதைக் கொண்டு சுவிஸுக்கு விசா இல்லாமலே போய்வரலாம். அகதிகளின் புத்தகங்களைப் பற்றி அந்த நாடுகள் தங்களுக்குள் ஒரு உடன்படிக்கை செய்திருந்தன. கனடா அதில் இல்லை. ஒரே நிறம், ஒரே கோடு, ஒரே குடும்பம். அவருக்கு வேண்டாம், எனக்கு வேண்டும். நான் இதை விளக்கும்போதெல்லாம் மறுமுனையில் அவர் சிரிப்பது கேட்கும். நான் ஏதோ வர மனமில்லாமல் சாட்டுச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார்.

விமானச்சீட்டு எடுத்தது ஸ்காபரோவில் ஒரு பிளாசாவில். அந்தக் கடைக்காரத் தம்பி பிராங்பேர்ட்டுக்கு மலிவாக ஒன்றைத் தேடித் தந்தார். மாற்றவும் முடியாது, திருப்பிக் கொடுக்கவும் முடியாது. வாங்குவதற்கு முன் நான் தெளிவாகக் கேட்டேன்.

"ஐரோப்பாவுக்கு இப்ப ஒரே விசா எண்டினம். சுவிஸும் அதுக்குள்ள வருதோ?"

"ஓம் அண்ணை, வராமல்? அது நடுவிலதானே கிடக்கு."

வரைபடத்தில் நடுவில் கிடப்பது உண்மை. மற்றது உண்மையில்லை. ஜேர்மனி அந்தப் பொது விசாவுக்குள் இருந்தது, சுவிஸ் இருக்கவில்லை. ஊரில் ஒரு பத்திரிகையில் சில காலம் வேலை பார்த்தவன் நான். ஒரு தகவலை இரண்டு இடத்தில் உறுதிப்படுத்தாமல் அச்சுக்கு அனுப்பக்கூடாது என்று பழகியவன். ஆகவே அன்று பின்னேரமே ஒரு நண்பரிடமும் கேட்டேன். அவரும் "ஓம், நடுவில கிடக்கு" என்றுதான் சொன்னார். பிறகுதான் தெரிந்தது, அவர் தகவல் எடுத்ததும் அதே கடையில் என்று.

ஜூலை நடுப்பகுதியில் ஜேர்மன் விசாவுக்குப் போனேன். யன்னலுக்குப் பின்னால் இருந்த இளைஞர் என் பயணத் திட்டத்தைப் பென்சில் முனையால் தொட்டுத் தொட்டுப் படித்தார். பிராங்பேர்ட்டில் இறங்குகிறீர்கள், அது ஒரு நுழைவு. சுவிஸுக்குப் போகிறீர்கள், அத்துடன் அந்த நுழைவு முடிந்தது. விமானம் ஏறத் திரும்பி வருகிறீர்கள்; அது இரண்டாவது நுழைவு. ஆகவே உங்களுக்கு இரண்டு நுழைவு விசா வேண்டும். தரலாம். ஆனால் சுவிஸ் உங்களை உள்ளே விடும் என்பதை முதலில் காட்டவேண்டும். அந்த விசாவை எடுத்துக்கொண்டு வாருங்கள்.

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அதன் பிறகு சுவிஸில் இருந்து அழைப்பு, மண்டபத்துக்காரரின் உறுதி, வேலை செய்யும் இடத்தின் உறுதி என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தபோது ஜூலை முடிந்திருந்தது. அப்படித்தான் அவர்களுடைய தேசிய தினத்தில் அவர்களுடைய பூட்டிய கதவுக்கு முன்னால் போய் நின்றோம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை நான் மட்டும் போனேன். மனைவிக்கு இன்னொரு லீவு கிடைக்கவில்லை. மதியத்துக்குமேல் வேலை முடிந்து சப்வே நிலையத்தில் வந்து சந்திப்பதாகச் சொன்னாள். சுவிஸ் துணைத்தூதரகக் கந்தோரின் சுவர்களில் மலைப் படங்கள். ஒரு மூலையில் குடிதண்ணீர் இயந்திரமும் கூம்பு வடிவக் கடதாசிக் கோப்பைகளும். யன்னலில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி; மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். நான் கொடுத்த எல்லாவற்றையும் பார்த்தார். எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்றார். எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. பிறகு கேட்டார், எங்கள் நாட்டிலிருந்து எப்படி வெளியே போவீர்கள்?

ஜேர்மனிக்கு.

ஜேர்மனி உங்களைத் திரும்பவும் உள்ளே விடுமா?

விடும், நீங்கள் விசா தந்தால்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அவர்கள் திரும்ப விடுவார்கள் என்று தெரிந்தால்தான் நாங்கள் விசா தரலாம் என்றார்.

இவர் சொன்னதிலும் ஒரு பிழையும் இல்லை. சரியான இரண்டு பதில்களுக்கு நடுவில், கையில் பத்திரங்கள் வைத்த பிளாஸ்ரிக் உறையுடன் நான் நின்றேன். யாராவது ஒருவர் பிழையாக ஏதும் சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருக்கலாம். அந்தச் சந்தர்ப்பமும் கிடைக்கவில்லை.

சப்வே நிலையத்தில் மனைவி கேட்டாள், "என்னவாம்?"

"அவையள் தந்தா இவையள் தருவினமாம். இவையள் தந்தா அவையள் தருவினமாம்."

"உங்கட அம்மாவும் என்ர அம்மாவும் மாதிரி. ஆர் முதல்ல கடிதம் போடுறதெண்டு ரெண்டு வருசம் இருந்தவை."

அது ஒரு நீண்ட வார இறுதி. திங்கட்கிழமையும் ரொறன்ரோவில் விடுமுறை. எங்கள் விமானம் அடுத்து வரும் வெள்ளிக்கிழமை. அந்த மூன்று நாளும் வீட்டுக்கு வந்தவர், போனில் வந்தவர் எல்லாரும் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். பிரான்சுக்குப் போய் அங்கிருந்து எடுக்கலாம். ஒட்டாவாவுக்குப் போனால் உடனே குத்தித் தருவான். பாராளுமன்ற உறுப்பினரிடம் ஒரு கடிதம் வாங்கலாம். யூனியன்வில்லில் இருந்து வந்த ஒருவர், முகூர்த்தத்தை மாற்றிவிடுங்களேன் என்றார். அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினோம்.

சித்தப்பாவிடம் மட்டும் திட்டம் தயாராக இருந்தது.

"தம்பி, நான் சொல்லுறதைக் கேள். சுவிஸ் எண்ட கதையையே அங்க எடுக்காதை. ஜேர்மனிக்கு மட்டும் விசாவை எடுத்துக்கொண்டு வா. மிச்சத்தை நான் பாக்கிறன். போடரில ஒருத்தனும் நிக்கிறேல்லை. நிண்டாலும் பாக்கிறேல்லை. நான் மாசத்தில ரெண்டு தரம் போய்வாறன். என்ர புத்தகத்தை நான் கொண்டுபோறதே இல்லை, அலுமாரிக்குள்ள கிடக்கு."

"பாத்தா?"

"பாக்கமாட்டான் எண்டுறன், பாத்தா எண்டுறாய்."

எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது நடக்காது என்பதற்காக அல்ல. நடந்துவிடும் என்பதற்காகத்தான். எண்பதுகளின் கடைசியில் நான் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது, எல்லைகள் சிலவற்றை ஒரு வான் வண்டியின் பின்பக்கத்தில், கம்பளி விரிப்புகளுக்குக் கீழே படுத்தபடி கடந்தவன். எந்த நாட்டிலிருந்து எந்த நாட்டுக்குள் போனேன் என்பது எனக்கு இன்றும் சரியாகத் தெரியாது. வான் நிற்கும், வெளியில் பேச்சுக் கேட்கும், மேலே படுத்திருந்த ஆளின் முழங்கை என் கழுத்தில் அழுத்தும், மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்போம். அதற்குப் பிறகு எத்தனையோ தரம் நான் நினைத்துக்கொண்டது ஒன்றுதான். இனி ஒரு எல்லையைக் கடந்தால் நிமிர்ந்து இருந்து, யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு கடப்பேன். தங்கையின் கலியாணத்துக்கு வேறு விதமாகப் போக எனக்கு மனமில்லை.

இதை நான் சித்தப்பாவுக்குச் சொல்லவில்லை. மனைவி என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"மாமா, இவர் வந்தா சீற்றில இருந்துதான் வருவார்," என்றாள்.

அன்றிரவு தங்கை போன் எடுத்தாள். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பாடுபட்டது தெரிந்தது.

"அண்ணா, நீங்கள் அந்தரப்படாதேங்கோ. வரேலாட்டில் சித்தப்பாவும் சித்தியும் தாரை வாப்பினம். ஐயரிட்டயும் கேட்டாச்சு, அப்பிடிச் செய்யலாமாம்."

"நான் வாறன்."

"இல்லை, சொல்லுறன்..."

"வாறன் எண்டு சொன்னனான்."

பிறகு, "அம்மாவுக்கு நீங்கள் நிக்கிறியள் எண்டு எழுதிப்போட்டன்," என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலை சுவிஸ் கந்தோருக்குத் திரும்பிப் போனோம். நீண்ட வார இறுதிக்குப் பிறகு வருகிற நாள் என்பதால் வரிசை மின்தூக்கி வரை நின்றது. மனைவி, தானும் யன்னலுக்கு வருவதாகப் பிடிவாதமாகச் சொன்னாள். நான் மறுத்தேன்.

"நீர் வந்து என்ன சொல்லப்போறீர்? நான் எல்லாத்தையும் இலக்கம் போட்டு ஒழுங்காச் சொல்லுறன்."

"நீங்கள் ஒழுங்காச் சொல்லித்தான் போன வெள்ளிக்கிழமை ஒழுங்கா வீட்ட வந்தனீங்கள்."

எங்கள் முறை வந்தது. அதே பெண்மணி. நான் இலக்கம் போட்டு ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். முடிவில் அதே பதிலைச் சொன்னார். பிறகு மனைவியின் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு, உங்களுக்கு விசா தேவையில்லையே, நீங்கள் போகலாமே என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

மனைவி என்னை முழங்கையால் விலக்கிக்கொண்டு யன்னலுக்கு முன்னால் வந்தாள். முதியோர் இல்லத்தில் காது மந்தமானவர்களுடன் பேசிப் பழகியவள். அவளுடைய ஆங்கிலம் மெதுவாகவும் சத்தமாகவும் இருக்கும். நான் தனியே போனால் ஒரு விருந்தாளி, என்றாள். இவரோடு போனால்தான் மணப்பெண்ணுக்குத் தாய். இவர் தனியே போனாலும் அதே கதைதான்.

பெண்மணிக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்பதை அவர் மறைக்கவும் இல்லை.

மனைவி தண்ணீர் இயந்திரத்துக்குப் போனாள். கூம்புக் கோப்பை ஒன்றில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தாள். "கையை நீட்டுங்கோ," என்றாள் என்னிடம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பின்னால் முழு வரிசையும் பார்த்துக்கொண்டிருந்தது. "இஞ்ச வைச்சு உதெல்லாம் வேண்டாம்," என்றேன். "நீட்டுங்கோ."

நீட்டினேன். என் கைக்குள் அவளுடைய பாஸ்போர்ட்டை வைத்தாள், அதுதான் மணப்பெண் என்று சொன்னாள். பிறகு தண்ணீரை வார்த்துக் காட்டினாள். பாதி என் கையில் விழுந்து சட்டைக் கைக்குள் ஓடியது. பிறகு என்னை ஓரடி பின்னால் தள்ளிவிட்டாள். மிச்சத் தண்ணீரை அதே இடத்தில் வார்த்தாள். அது நேராகக் கந்தோரின் கம்பளத்தில் விழுந்தது.

இவர் இல்லாவிட்டால் இப்படித்தான் இருக்கும், என்றாள்.

வரிசையில் யாரோ சிரித்தார்கள். நான் பிளாஸ்ரிக் உறை நனைந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெண்மணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். கம்பளத்தைப் பார்த்தார். அவர் இல்லாமல் உங்களால் செய்யமுடியாது, நீங்கள் இல்லாமல் அவரால் செய்யமுடியாது, அப்படித்தானே என்று கேட்டார். ஆமாம் என்றாள். இன்று காலை முழுவதும் நான் இந்த யன்னலில் சொன்ன விதிகளைவிட இது தெளிவாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை எடுத்தார்.

ஜேர்மன் மொழியில் பேசினார். எனக்குப் புரிந்தது என் பெயர் மட்டும்தான், அதையும் அவர் மூன்று விதமாகச் சொன்னார். நடுவில் ஒருமுறை குரலை உயர்த்தினார். ஒருமுறை சிரித்தார். போனை வைத்துவிட்டு எங்களிடம் சொன்னார். இப்போதே ஜேர்மன் கந்தோருக்குப் போங்கள், மதியத்தோடு மூடிவிடுவார்கள். இரண்டு நுழைவு போடச் சம்மதித்திருக்கிறார்கள். அது கிடைத்ததும் இங்கே வாருங்கள், நான் இருப்பேன். வரும்போது தண்ணீர் தேவையில்லை.

அவர் செய்தது விதியை மீறிய காரியமல்ல. இரண்டு கந்தோரும் ஒரே ஆளைப் பற்றித்தான் பேசுகின்றன என்பதை ஒன்றுக்கொன்று தெரியப்படுத்தினார், அவ்வளவுதான். அந்தத் தொலைபேசி அவருடைய மேசையில் வெள்ளிக்கிழமையும் இருந்தது. நான் கேட்கவில்லை. எடுக்கச் சொல்லிக் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றவுமில்லை.

அந்த வெயிலில் நாங்கள் ஓடினோம். ஜேர்மன் கந்தோரில் பென்சில் இளைஞர் புத்தகத்தை வாங்கிவைத்துக்கொண்டு மறுநாள் வரச் சொன்னார். மறுநாள் தந்தார். அதைக் கொண்டு சுவிஸ் கந்தோருக்குப் போனோம். அந்தப் பெண்மணி வாங்கிவைத்துக்கொண்டு மறுநாள் வரச் சொன்னார். வியாழக்கிழமை பின்னேரம், பச்சையும் நீலமுமான அந்த விசா என் புத்தகத்தில் ஒட்டப்பட்டிருந்தது. வெள்ளிக்கிழமை விமானம் ஏறினோம்.

கலியாண நாள் விடியற்காலை, சித்தப்பா வீட்டிலிருந்து இரண்டு வாகனம் புறப்பட்டது. முன்னால் மாப்பிள்ளையின் சிநேகிதர் ஒருவர் ஓட்டிவந்த சுவிஸ் கார். அதில் தங்கை, என் மனைவி, நான். பின்னால் சித்தப்பாவின் வான். அதில் அவரும் சித்தியும், பலகாரப் பெட்டிகளும், பெரிய பாத்திரங்களும், இரண்டு வாழைக்குலைகளும்.

நான் முன்சீற்றில் இருந்தேன். எல்லை என்று பெயர்ப்பலகை வந்ததும் புத்தகத்தை எடுத்து, விசா இருந்த பக்கத்தை விரித்து மடியில் வைத்துக்கொண்டேன். பின்னால் இருந்த தங்கை கழுத்தில் மாலை கசங்காமல் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். ஒரு கூரை, இரண்டு வழி, சீருடையில் ஒருவர். கார் மெதுவானது. யன்னல் கண்ணாடியை இறக்கினேன். அவர் காரின் இலக்கத் தகட்டைப் பார்த்தார், தங்கையின் சேலையைப் பார்த்தார், கையை அசைத்தார். போ, போ.

"இவ்வளவுதானா?" என்றேன்.

கார் ஓட்டிய தம்பி, "இவ்வளவுதான் அண்ணை," என்றார்.

எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. இத்தனை லீவு, இத்தனை வரிசை, நனைந்த கம்பளம், எல்லாம் ஒரு கையசைவுக்காகவா? நிறுத்துங்கள், நான் இறங்கிப் போய்க் காட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்லத்தான் வாய் வந்தது. சித்தப்பா இனி ஆயுள் முழுக்க இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன்.

சித்தப்பாவின் வானை ஓரமாக நிறுத்தியிருந்தார்கள். பின்கதவு திறந்திருந்தது. சீருடைக்காரர் ஒருவர் வாழைக்குலையை வெளியே எடுத்துப் பிடித்தபடி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். சித்தப்பா இரண்டு கையையும் விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

அவர்களுடைய பிரச்சினை வாழைக்குலையும் பாத்திரங்களும்தான். ஆனால் சாமானைப் பார்க்கிறவர்கள் ஆளையும் பார்ப்பார்கள். சித்தப்பாவின் புத்தகம் அலுமாரிக்குள் இருந்தது. சித்தியுடையதும் அதற்குப் பக்கத்திலேயே இருந்தது. வீட்டுக்குப் போய் எடுத்துக்கொண்டு வரச்சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மண்டபத்தில் ஐயர் எங்களிடம் ஒரு பத்திரமும் கேட்கவில்லை. "தாரை வாக்கிற தம்பதி எங்கை?" என்று மட்டும் கேட்டார். நானும் மனைவியும் முன்னால் போய் நின்றோம். தங்கையின் கை நல்ல குளிராக இருந்தது. மனைவி தண்ணீர் வார்த்தாள். ஒரு துளி வெளியே சிந்தவில்லை. தங்கை தலையைக் குனிந்தபடி, "அண்ணா, இப்ப அம்மா கேட்டா நான் பொய் சொல்லேல்லைத்தானே?" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

சித்தப்பாவும் சித்தியும் வந்து சேர்ந்தபோது சனம் பந்தியில் இருந்தது. பலகாரம் அதற்குப் பிறகுதான் பரிமாறினார்கள். சித்தப்பா நேராக என்னிடம் வந்தார். முகம் வேர்த்திருந்தது.

"தம்பி, இண்டைக்கு மட்டும்தான் இப்பிடி. மற்ற நாளில ஒருத்தனும் பாக்கிறேல்லை."

"ஓம் சித்தப்பா," என்றேன்.

அந்த ஆண்டு முடிவதற்குள் எனக்குப் பிரசாவுரிமை கிடைத்தது. கோடு இல்லாத நீலப் பாஸ்போர்ட்டும் வந்தது. பிறகு எத்தனையோ எல்லைகளைக் கடந்துவிட்டேன். இப்போதும் அதிகாரி கேட்பதற்கு முன்பே என் கை சட்டைப்பைக்குப் போகிறது; பக்கத்தில் மனைவி நிற்கிறாளா என்று கண் ஒருமுறை பார்த்துக்கொள்கிறது.

பழைய புத்தகத்தை வைத்திருக்கிறேன். அந்தச் சுவிஸ் விசாவின் மேல் எந்த முத்திரையும் இல்லை.